முகம் சொல்வதும் மனம் வாசிப்பதும்

திருவள்ளுவர் தம் நூலிலே ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே தலைப்பை இரண்டு அதிகாரங்களுக்கு இட்டிருக்கிறார். பொருட்பாலில் வரும் 71ஆம் அதிகாரம் அமைச்சனுக்கு உரியது. அரசன் வாய் திறவாமுன்னரே அவன் உள்ளத்தில் இருப்பதை முகத்தாலும் கண்ணாலும் அறிந்துகொள்ளும் ஆற்றலை அது பேசுகிறது. காமத்துப்பாலில் வரும் 110ஆம் அதிகாரம் காதலனுக்கு உரியது. தலைவி சொல்லாது மறைக்கும் அன்பை அவள் பார்வையிலே கண்டு மகிழும் நுட்பத்தை அது பேசுகிறது. அதிகாரத்தின் முன் நிற்பவனுக்கும் அன்பின் முன் நிற்பவனுக்கும் முகமே ஏடாக அமைந்திருத்தல் நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

முகத்தைப் படிப்பதை இவ்வாறு ஒரு கலையாகவே போற்றி வளர்ந்தது நமது சமூகம். ‘முகம் பார்த்து நடக்கத் தெரிந்த பிள்ளை’ என்பது நம்மவர் வாயில் பெரிய பாராட்டு. ‘குறிப்பறியாதவன்’ என்பதோ சிறிய வசையன்று. ஆயினும் இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. முகத்தைக் காண்பது கண். அதற்குப் பொருள் கொள்வது மனம். அம்மனமே கலங்கியிருக்குமானால், அது செய்யும் வாசிப்பு எத்தகையதாய் இருக்கும்?

கொழும்பு ஹெவ்லொக் டவுனிலே வாழும் நமக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. காலி வீதிக்குக் கிழக்கே, வெள்ளவத்தைக்கு அயலாய் அமைந்த இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாய் வாழ்வோரும் உளர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கல்விக்கென வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞரும் உளர். அடுக்குமாடியில் மின்தூக்கிக்குள் நம்மோடு நிற்பவர் எம்மொழியினர் என்பது பல வேளைகளில் நமக்குத் தெரிவதில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளுக்கும் அப்பால் நான்காவது மொழியொன்றை இங்கே யாவரும் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். அதுவே முகத்தின் மொழி. பஸ் நடத்துநர், கடைக்காரர், அலுவலகத்து மேலாளர், விரிவுரையாளர் ஆகிய எல்லோருடைய முகத்தையும் படித்தே நாம் அடுத்த சொல்லை எடுக்கிறோம்.

இம்மொழியைப் பிழையாகப் படிக்கச் செய்யும் நோய்கள் நம்மிடையே அரியனவும் அல்ல. கொழும்பு மாவட்டத்திலே இரட்டையர்களையும் பிறரையும் சேர்த்து ஏறத்தாழ 6,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர் நூற்றுக்கு 6.6 பேர் என்று அது கண்டது. அன்றாட அலுவல்கள் குலைந்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை விட்டுக் கணக்கிட்டபோது அத்தொகை 11.2 ஆயிற்று. நாற்பது பேர் கூடியிருக்கும் ஒரு மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் இரண்டு மூன்று பேரேனும் அந்த இருளைக் கடந்தவராகவோ கடந்துகொண்டிருப்பவராகவோ இருத்தல் கூடும்.

அரங்கின் முகமும் வீட்டின் முகமும்

மெய்யிலே தோன்றும் உணர்ச்சிகளைத் தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்துக் கூறினார். மேனாட்டிலே சார்ள்ஸ் டார்வின் 1872ஆம் ஆண்டில் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியைப் புலப்படுத்தும் முறை பற்றித் தனி நூலொன்று வெளியிட்டார். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் டெனன்ட், இங்கே பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் கண்ணீர் பெருக்கியதைப் பற்றி எழுதிய செய்தியும் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. பின்னர் 1960களின் இறுதியில் போல் எக்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர், நியூகினியின் மலைநாட்டில் வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்திருந்த மக்களிடம் நிழற்படங்களைக் காட்டி ஆராய்ந்தார். மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறும் உலக மக்கள் யாவருக்கும் பொதுவான முகக்குறிகளைக் கொண்டவை என்பது அவர் முடிபு. அவை அத்துணைப் பொதுவானவை அல்ல, ஒரே சினம் பல முகங்களில் தோன்றும், ஒரே முகம் பல பொருள் தரும் என்று மறுப்போரும் இன்று உளர். 2019இல் லிசா பெல்ட்மன் பாரெட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் முந்தைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து, முகத்தை மட்டும் கொண்டு உள்ளத்தை உறுதியாகத் துணிதல் இயலாது என்று வாதிட்டனர்.

இவ்விவாதம் எவ்வாறு முடியினும், ஓர் உண்மையை நாம் எளிதில் ஒப்புக்கொள்ளலாம். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலே ஒரு சிறுமியின் நடன அரங்கேற்றம் நடக்கின்றது என்று கொள்வோம். அவள் காட்டும் வெகுளியைக் கடைசி வரிசையில் இருப்பவரும் வெகுளி என்றே அறிவர். அரங்கின் பாவம் பெருக்கிக் காட்டப்படுவது. வீட்டின் முகமோ அத்தகையதன்று. தாயின் உதட்டோரத்தில் அரைக்கணம் தோன்றி மறையும் மலர்ச்சியும், தந்தையின் புருவத்தில் தெரியும் ஒரு சிறு நெளிவுமே அங்குள்ள பாவங்கள். மனம் கலங்கியோர் பெரும்பாலும் தடுமாறுவது அரங்கின் முகத்தைக் கண்டன்று. இந்தச் சிறு குறிகளைக் கண்டே.

சிறு முறுவல் எட்டாத மனம்

இதனை அழகுறக் காட்டிய ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. அதனை நடத்தியவர்கள் ஜூட்டா யோர்மன், இயன் கொட்லிப் என்னும் இருவர். உணர்ச்சி ஏதுமற்ற முகமொன்று மெல்ல மெல்ல மாறி, இறுதியில் முழு மகிழ்ச்சியையோ துயரத்தையோ சினத்தையோ காட்டும் படத்தொடர்களை அவர்கள் பயன்படுத்தினர். பார்ப்பவர், முகம் காட்டும் உணர்ச்சி இன்னதென்று தெரிந்த கணத்திலே படத்தை நிறுத்திப் பெயர் கூறவேண்டும். மனச்சோர்வுற்றோர், சமூக அச்சம் உடையோர், நலமுடையோர் என்னும் மூன்று திறத்தாரும் இதிற் பங்குகொண்டனர்.

மனச்சோர்வுற்றோர் மகிழ்ச்சியை அடையாளங் காண்பதற்கு, மற்ற இரு திறத்தாருக்கும் வேண்டியதைவிட மிகுதியான மலர்ச்சி அம்முகத்திலே வேண்டியிருந்தது. துயரத்தைக் காண்பதற்கோ அவர்களுக்குச் சினத்தைக் காண்பதிலும் குறைந்த அளவே போதியதாயிற்று. ஒரு குறியுமற்ற முகத்தைத் துயர முகமாகக் கொள்ளும் போக்கும் அவர்களிடத்தே உண்டென்று வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதன் பொருளை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்ப்போம். பல்கலைக்கழகத்தில் பயிலும் மகன் சில கிழமைகளாக எதிலும் நாட்டமின்றி இருக்கிறான். மாலையில் வீடு வந்த அவனுக்குத் தேநீர் கொடுக்கும் தாய் மெல்ல முறுவலிக்கிறாள். நலமுற்ற நாளிலே அம்முறுவல் அவனுக்கு ஒரு கட்டியணைப்புக்கு ஒப்பாகும். இன்றோ அது அவன் மனத்தை எட்டவில்லை. அவன் கண்டது ‘களைத்த முகம்’. ‘என்னாலே களைத்த முகம்’ என்றும் மனம் கூட்டிக்கொள்கிறது. தாய் அன்பைத் தந்தாள். மகன் அதனைப் பெறவில்லை. இருவரிலும் பிழை செய்தவர் எவருமில்லை. இடையில் நின்ற நோயே அதை வாங்கி வைத்துக்கொண்டது.

சினத்தை முந்திக் காணும் மனம்

சமூக அச்சம் என்பது பிறிதொரு நிலை. பிறர் தம்மை உற்று நோக்கி எடைபோட்டு இகழ்வர் என்னும் ஓயாத அச்சமே அது. பெரும்பாலும் பதின்ம வயதிலே தொடங்குவது. மேற்கூறிய ஆய்விலே சமூக அச்சம் உடையோர், மற்ற இரு திறத்தாரையும்விடக் குறைந்த அளவிலேயே சினத்தைக் கண்டுகொண்டனர். சினம் முளைவிடும்போதே அவர்தம் கண்ணிற் பட்டுவிடுகிறது.

இஃது ஒரு திறமை அன்றோ என வாசகர் கேட்கலாம். அரசன் முன் நிற்கும் அமைச்சனுக்கு இது திறமையே. போர் நிலவிய ஆண்டுகளிலே கொழும்பின் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்ற நம்மவர்க்கும், எதிரே நின்றவரின் முகம் மாறுவதை முன்னரே அறிதல் வேண்டியதாகவே இருந்தது. ஆனால், எந்நேரமும் எல்லோர் முன்னிலையிலும் அரசன் முன் நிற்பவனைப் போல வாழ நேர்ந்தால் மனம் என்னாகும்? போர் 2009இல் முடிந்தது, சாவடிகள் அகன்றன. ஆயினும் தன் உள்ளத்திலே ஒரு சாவடியை நிறுத்தி வைத்திருப்பவனுக்கு, நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தருபவரும் ஒரு காவலரே.

1995இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்னும் இரு பிரித்தானிய உளவியலாளர் இந்நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வகையை விளக்கினர். அச்சமுடையவர் கூட்டத்துள் புகுந்ததும் அவர் கவனம் வெளியே நில்லாது உள்ளே திரும்பிவிடுகிறது. ‘என் குரல் நடுங்குகிறதோ, முகம் சிவக்கிறதோ’ என்று தம்மையே நோக்குகின்றார். தமக்குள்ளே தோன்றும் அச்சத்தைக் கொண்டே பிறர் தம்மைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்று முடிவு செய்கின்றார். தப்புவதற்கெனக் கண்ணைத் தாழ்த்துகின்றார், பேச்சைச் சுருக்குகின்றார், கடைசி வரிசையை நாடுகின்றார். பார்வை தாழ்ந்துவிட்டபடியால், எதிரே இருந்தவரின் முகம் பின்னர் இளகி மலர்ந்ததை அவர் காண்பதேயில்லை. பிழையான முதல் வாசிப்பே இறுதி வாசிப்பாக நிலைத்துவிடுகிறது.

கண் எங்கே தங்குகிறதோ அதற்கேற்பவே வாசிப்பு அமையும் என்பதற்கு மருத்துவ உலகில் புகழ்பெற்ற சான்றொன்று உண்டு. மூளையின் உட்புறத்தே வாதுமைப் பருப்பின் வடிவில் இருபுறமும் அமைந்த அமிக்டலா என்னும் உறுப்பு ஓர் அமெரிக்கப் பெண்மணிக்கு அரிய நோயொன்றால் அழிந்துபோயிற்று. பிறர் முகத்தில் தோன்றும் அச்சத்தை அவரால் அறிய முடியவில்லை என்பதை ரால்ஃப் அடோல்ஃப்ஸ் என்பவரும் அவருடன் ஆய்ந்தோரும் 1994இல் அறிவித்தனர். அவர் பிறருடைய கண்களை நோக்குவதேயில்லை என்பது 2005இல் வெளியான ஆய்விலே தெரிந்தது. ‘கண்களைப் பாருங்கள்’ என்று சொன்னவுடன் அவர் அச்சத்தை மற்றவர்களைப் போலவே கண்டுகொண்டார். சொல்வதை நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பினார். அவருடைய நோய் வேறு, நாம் பேசும் நோய்கள் வேறு. எனினும் காண வேண்டிய இடத்தைக் காணாவிடின் முகம் தன் செய்தியைச் சொல்லாது என்பது எல்லோருக்கும் பொருந்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பெரியோர் முன் கண்ணைத் தாழ்த்துதல் நமது பண்பாட்டில் மரியாதை. நாணமும் நோயன்று. தாழ்ந்த பார்வையைக் கண்டவுடன் நோயென்று பெயர் சூட்டுதல் பெரும் பிழை. அந்த அச்சத்தாலே ஒருவர் பரீட்சையையோ நேர்முகத் தேர்வையோ நண்பரையோ பல மாதங்களாகத் தவிர்க்கத் தொடங்கும்போதுதான் நாம் கவலை கொள்ளவேண்டும். அவ்வாறே, ஆய்வுகள் கூறுவது பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. இதைப் படிக்கும் மாணவர் எவரும் தமக்குத் தாமே நோயைத் தீர்மானித்துக்கொள்ள இது கருவியாகாது.

இருபுறமும் நேரும் பிழை

மனச்சோர்வு வாசிக்கும் கண்ணை மட்டுமே கெடுப்பதில்லை. வாசிக்கப்படும் முகத்தையும் வெறுமையாக்குகிறது. நோயுற்றவர் முகத்திலே அசைவு குறைகிறது. குரல் ஏற்றமிறக்கம் இழக்கிறது. இதனை வீட்டார் எவ்வாறு படிக்கின்றனர்? ‘திமிர்’ என்று தந்தை படிக்கிறார். ‘என்னை வெறுக்கிறாள்’ என்று மாமியார் படிக்கிறார். ‘பாடத்தில் அக்கறையில்லை’ என்று ஆசிரியர் படிக்கிறார். தந்தையின் முகம் இறுகுகிறது. அவ்விறுக்கத்தை நோயுற்ற பிள்ளை ஒன்றுக்குப் பத்தாகக் காண்கிறது. இவ்வாறு ஒருவர் மீதொருவர் அன்புடைய இருவர், ஒருவரையொருவர் பிழையாகப் படித்தே தூரமாகின்றனர்.

அசையாத முகம் எத்துணைக் கொடியது என்பதைக் கைக்குழந்தைகளே காட்டியுள்ளன. எட்வர்ட் ட்ரோனிக் என்னும் அமெரிக்கர் 1970களில் நடத்திய பரிசோதனையிலே, குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சிறிது நேரம் முகத்தை அசையாது வைத்திருக்கும்படி கேட்கப்பட்டாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது. கைநீட்டித் தாயைத் தன்பால் இழுக்க முயன்றது. பயனில்லையென்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடியது. பிள்ளைப்பேற்றின் பின் மனச்சோர்வுறும் தாயரைக் குறை கூறுவதற்காக நாம் இதனைச் சொல்லவில்லை. அத்தாய்க்கு விரைவில் வைத்தியமும், வீட்டில் வேறு சிரித்த முகங்களும் வேண்டும் என்பதற்காகவே சொல்கின்றோம்.

வாய்ச்சொல் வேண்டும்

நமது இல்லங்களிலே ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை நேரே புகழ்ந்தால் கண்ணூறு படும் என்றோ, தலைக்கனம் ஏறும் என்றோ பாராட்டை வாயால் சொல்வதில்லை. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்ற மகளைத் தந்தை ஒரு தலையசைப்பாலே வாழ்த்துவார். அயல்வீட்டாரிடமோ அரைமணி நேரம் அவளைப் புகழ்வார். தெளிந்த மனத்துக்கு அந்தத் தலையசைப்புப் போதும். சோர்ந்த மனத்துக்கும் அஞ்சிய மனத்துக்கும் அது போதாது. குறிப்பால் தரும் அன்பு அவர்களுக்கு எட்டாத மொழியில் எழுதிய கடிதம் ஆகிறது.

ஆதலின் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. இத்தகையோர் முன்னிலையில் முகத்தை மட்டும் நம்பாது வாயால் சொல்லுங்கள். “உன்மேலே கோபமில்லைத் தம்பி, பஸ்ஸிலே நின்று வந்த களைப்பு” என்னும் ஒரு வசனம், பிள்ளையின் ஓர் இரவு நித்திரையைக் காக்கும். ஆசிரியராயின், விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே பார்த்துவிட்டு நீட்டாமல், “இந்த இடம் நன்று, இந்த இடத்தைத் திருத்துங்கள்” என்று சொல்லிக் கொடுக்கலாம். கடைசி வரிசையில் இருப்பவரை எழுப்பி “என்னை நிமிர்ந்து பார்” என்று அதட்டுதல் மருந்தன்று. அஃது அவர் அஞ்சிய சினத்தை மெய்ப்பித்துக் காட்டுவதாகவே முடியும்.

இளைஞருக்கும் ஒரு பயிற்சி உண்டு. பிறர் முகம் சினந்ததாய்த் தோன்றும்போது அதனை முடிவாகக் கொள்ளாது கேள்வியாகக் கொள்ளுங்கள். ‘இம்முகத்துக்கு வேறு பொருள் இருக்கலாகாதா? பசியா, தலையிடியா, வேறு கவலையா?’ என்று மனத்துள் வினவுங்கள். நெருங்கியவராயின் நேரிலேயே கேட்டுவிடுங்கள்: “அப்பா, என்னோடு கோபமோ?” ஊகத்தில் பத்து நாள் உழல்வதைவிட இது எளிது. மனநலச் சிகிச்சையிலும் இதனையொத்த பயிற்சியே ஒழுங்காக அளிக்கப்படுகிறது. கவனத்தை உள்ளிருந்து வெளியே திருப்பவும், அஞ்சியது உண்மையில் நேர்கின்றதா என்று சிறுகச் சிறுகச் சோதித்துப் பார்க்கவும் அங்கே கற்பிக்கின்றனர்.

மருந்தும் இவ்வாசிப்பைத் திருத்தக்கூடும். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கத்தரீன் ஹார்மரும் பிறரும் 2009இல் வெளியிட்ட ஆய்விலே, மனச்சோர்வு மருந்தொன்றை ஒரே ஒரு வேளை உட்கொண்ட நோயாளர், மகிழ்ச்சி முகங்களை முன்னையிலும் நன்றாக அறிந்தனர். அவர்தம் மனநிலையோ அப்போது சிறிதும் மாறியிருக்கவில்லை. மருந்து முதலில் உலகைக் காணும் வகையை மாற்றுகிறது, நாளடைவில் அந்தப் புதிய காட்சிகள் மனத்தைத் தேற்றுகின்றன என்பது அவர்கள் கொள்ளும் கருத்து. மருந்து தொடங்கிச் சில கிழமைகள் ‘ஒரு பயனும் இல்லை’ என்று சலிப்போர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. ஆயின் வைத்தியர் சொல்லாமல் மருந்தைத் தொடங்குவதும் கூடாது; இடையில் நிறுத்துவதும் கூடாது.

இரண்டு கிழமைகளுக்கு மேலாக ஒருவர் நாள் முழுவதும் சோர்ந்து, நித்திரையும் உணவும் குலைந்து, விரும்பியவற்றிலும் நாட்டமற்று இருப்பாராயின் வைத்தியரை நாட வேண்டும். நம்மவருட் பலர் ‘மனம் சரியில்லை’ என்று சொல்ல நாணித் தலையிடி, உடல்நோ, நெஞ்சுபாரம் என்றே வைத்தியரிடம் செல்கின்றனர். அவ்வாறாயினும் செல்வதே நன்று. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் 1926 என்னும் இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் தொலைபேசி அழைப்புகளை ஏற்கிறது. துயருற்றோர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்கும் சுமித்ரயோ என்னும் அமைப்பு 1974 முதல் கொழும்பிலே பணிபுரிந்து வருகிறது. ‘அங்கொடை’ என்னும் பெயரைக் கேலிச் சொல்லாக வழங்கும் பழக்கத்தை நாம் கைவிடுதலும் நோயுற்றோர்க்குச் செய்யும் உதவிகளுள் ஒன்றாகும்.

வள்ளுவர் காலத்து அமைச்சன் அரசனிடம் “என்மேல் சினமா?” என்று கேட்டிருக்க முடியாது. நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்கலாம். நாமும் அவர்களுக்குச் சொல்லலாம். அக்கேள்வி அச்சமின்றி எழக்கூடிய வீட்டிலே, கலங்கிய கண்ணுக்கும் முகங்கள் மெல்ல மெல்லத் தெளிந்து வரும்.